தளர்ச்சியும் தாழ்ச்சியும்

தில்லியில் எங்கள் குடியிருப்பில் வாழும் தமிழன்பர்கள் சிலர், மாதத்திற்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை மாலையில், யாராவது ஒருவர் வீட்டில் கூடி இசைத்தட்டுக் கேட்பது வழக்கம். பெரும்பாலும் கர்நாடக சங்கீதந்தான். அரியக்குடியோ, ஜி. என். பி.யோ, மதுரை மணி ஐயரோ பாடி முடித்தபின் காப்பி வரும். காப்பியுடன் விவாதமும் வரும். சென்ற கூட்டத்தில் அந்த விவாதம் சற்று மிஞ்சிப் போய்விட்டது. காப்பி ஆறிப்போனதைக்கூட ஒருவரும் கவனிக்கவில்லை.

நடந்தது இதுதான். எங்களுள் வயதில் இளையவரான நண்பர் ஒருவர் கல்லூரி ஆசிரியர். அவர் அன்று ஓர் அமெரிக்க இசைத்தட்டைக் கொண்டு வந்திருந்தார். பில்லி ஹாலிடே என்னும் கறுப்பினப் பாடகி பாடி, 1958ஆம் ஆண்டில் வெளிவந்த தட்டு அது. 'லேடி இன் சாட்டின்' என்பது அதன் பெயர். சாட்டின் பட்டு உடுத்த சீமாட்டி என்று பொருள் கொள்ளலாம். இரண்டு பாடல்கள் முடிவதற்குள், கூட்டத்தில் மூத்தவரான மற்றொரு நண்பர் கையை உயர்த்தி, "போதும், நிறுத்திவிடுங்கள்" என்றார். அவர் தணிக்கை அலுவலகத்தில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவர்; பல ஆண்டுகள் கல்கத்தாவில் இருந்தவர். இதே பாடகி இளமையில் பாடிய பாட்டுகளையெல்லாம் தேடிச் சேர்த்து வைத்திருப்பவர்.

"இந்தக் குரலையா நான் முப்பது ஆண்டுகளாகக் கேட்டு வந்தேன்? கண்ணாடி மணிபோல் இருந்த சாரீரம் உடைந்து கிடக்கிறது. இதை வெளியிட்டதே அவருக்குச் செய்த அநியாயம்" என்றார் பெரியவர்.

"சார், மன்னிக்க வேண்டும். அவர் பாடியவற்றுள் தலைசிறந்தது இதுதான் என்பது என் கருத்து" என்றார் இளையவர்.

பிறகு இரண்டு மணி நேரம் வாதம் நடந்தது. என் கருத்தையும் கேட்டார்கள். அன்று எனக்குச் சரியாக விடை சொல்ல வரவில்லை. அன்று சொல்லத் தவறியதை இன்று நேயர்கள் முன்னிலையில் சொல்ல முயல்கிறேன்.

இந்த வழக்கு எங்கள் வீட்டுக் கூடத்தில் தோன்றியதன்று. தட்டு வெளிவந்த நாள் முதல் இன்றுவரை, ஜாஸ் இசையில் பற்றுடையவர்கள் கூடும் இடங்களிலெல்லாம் இது நடந்து வருகிறது. ஒரு கலைஞரின் பிற்காலப் படைப்பு அவருடைய வீழ்ச்சியைக் காட்டுகிறதா, முதிர்ச்சியைக் காட்டுகிறதா என்னும் கேள்விக்கு இதைவிடக் கூர்மையான எடுத்துக்காட்டைக் காண்பது அரிது.

ஜாஸ் என்றதும், நமக்கும் அதற்கும் என்ன உறவு என்று சில நேயர்கள் எண்ணக்கூடும். கல்கத்தாவிலும் பம்பாயிலும் வாழும் தமிழர்களுக்கு அது முற்றும் அயலான இசையன்று. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அவ்விரு நகரங்களின் பெரிய ஓட்டல்களில் ஜாஸ் வாத்தியக் குழுக்கள் நாள்தோறும் வாசித்தன. டெடி வெதர்போர்டு என்னும் புகழ்பெற்ற அமெரிக்கக் கறுப்பினப் பியானோ வித்வான் கல்கத்தாவிலேயே தங்கி, 1945ஆம் ஆண்டில் அந்நகரிலேயே காலமானார். நம் பெரியவருக்கு இந்த இசையில் ஈடுபாடு உண்டானதும் அந்நகரில்தான்.

இனி, பாடகியின் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

பில்லி ஹாலிடே 1915ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் பிலடெல்பியா நகரில் பிறந்தார். வளர்ந்தது பால்டிமோரில். வறுமையும் இழிவும் நிறைந்த இளமை. முறையான இசைப் பயிற்சி பெற்றவரல்லர். நியூயார்க்கில் கறுப்பின மக்கள் வாழும் ஹார்லம் பகுதியின் சிறு விடுதிகளில் பாடி வயிறு வளர்த்தார். 1933ஆம் ஆண்டில் ஜான் ஹாமண்ட் என்னும் இசையன்பர் அவர் பாட்டைக் கேட்டு வியந்து, அவ்வாண்டிலேயே தட்டில் பாடும் வாய்ப்பை உண்டாக்கினார். 1935 முதல், டெடி வில்சன் என்னும் பியானோ வித்வானின் குழுவோடு அவர் பாடிய சிறு தட்டுகள்தான் அவருடைய முதற்புகழுக்குக் காரணம். ஒரு பக்கத்திற்கு மூன்று நிமிஷம். காசு போட்டால் பாடும் பெட்டிகளுக்காக மலிவாகத் தயாரிக்கப்பட்ட தட்டுகள் அவை.

அத்தட்டுகளில் அவர் செய்த புதுமை யாது? அவருடைய குரலின் எல்லை மிகவும் குறுகியது; ஒரு ஸ்தாயிக்குச் சற்றே மேற்பட்டது. மேல் ஸ்தாயியில் பிருகா உதிர்த்துக் கைதட்டல் வாங்கும் குரல் அன்று அது. ஆனால் காலத்தை அவர் கையாண்ட விதம் அதற்கு முன் கேளாதது. தாளம் ஓரிடத்தில் விழும். சொல் சற்றுத் தாமதித்து வந்து சேரும். பிந்திவிட்டாரோ என்று நாம் அஞ்சும் வேளையில், வரி முடிவதற்குள் சொல்லும் தாளமும் கணக்குத் தவறாமல் கூடிவிடும். எழுதப்பட்ட மெட்டை அப்படியே ஒப்பிக்காமல், வேண்டாத சுரங்களைக் கழித்துவிட்டு, இரண்டு மூன்று சுரங்களிலேயே ஒரு வரியை அமைத்துவிடுவார். சாதாரணச் சினிமாப் பாட்டுக்கூட அவர் வாயில் புதுப் பொருள் பெற்றது. 1937 முதல் லெஸ்டர் யங் என்னும் சாக்ஸபோன் வித்வான் அவருடன் வாசித்த தட்டுகளில், குரலும் குழலும் ஒன்றையொன்று குறிப்பறிந்து நடப்பதைக் காணலாம். 'லேடி டே' என்னும் பட்டப்பெயரை அவருக்குச் சூட்டியவரும் லெஸ்டர் யங்தான்.

1939ஆம் ஆண்டில் அவர் 'ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்' என்னும் பாடலைப் பாடினார். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வெறிக்கும்பல்கள் கறுப்பின மக்களை மரத்தில் தூக்கிட்டுக் கொன்ற கொடுமையைச் சொல்லும் பாடல் அது. அதை இயற்றியவர் ஏபல் மீரோபோல் என்னும் நியூயார்க் பள்ளி ஆசிரியர். வழக்கமாக அவர் தட்டுகளை வெளியிட்டு வந்த நிறுவனம் அதைப் பதிவு செய்யத் தயங்கி விலகிவிட்டது. கமடோர் என்னும் சிறிய நிறுவனம் வெளியிட்டது. கேளிக்கைக்காகப் பாட வந்த ஒருவர் ஒரு சமூகத்தின் சாட்சியாக நின்ற தருணம் அது.

அதன்பின் வந்த வாழ்க்கை துயரமானது. போதைப்பொருள் பழக்கத்திற்கு ஆளானார். 1947ஆம் ஆண்டில் அதன்பொருட்டுச் சிறை சென்றார். 1948 மார்ச்சில் விடுதலையாகி, அம்மாதமே நியூயார்க்கின் கார்னகி மண்டபத்தில் நிறைந்த சபையில் பாடினார். ஆனால் மதுபானம் விற்கும் விடுதிகளில் பாடுவதற்கு அந்நகரில் அப்போது ஓர் அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. அது அவருக்கு மறுக்கப்பட்டது. ஜாஸ் இசை வாழ்ந்த இடமே அத்தகைய விடுதிகள்தாம். தம் சொந்த ஊரின் விடுதிகளில் பாட இயலாமல், பிழைப்புக்காக ஊர் ஊராக அலைந்தார். குடியும் போதையும் குரலை அரித்தன. 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் தொடங்கிய கரகரப்பு ஆண்டுக்கு ஆண்டு மிகுந்தது.

இந்நிலையில்தான் 1958 பிப்ரவரியில் 'லேடி இன் சாட்டின்' பதிவாயிற்று. கொலம்பியா நிறுவனத்தின் நியூயார்க் முப்பதாம் தெருப் பதிவுக்கூடம் முன்பு ஒரு கிறித்தவக் கோயிலாக இருந்த கட்டடம், உயர்ந்த கூரையுடையது. ரே எல்லிஸ் என்னும் இசையமைப்பாளரின் வாத்தியத் தட்டு ஒன்றைக் கேட்டு மகிழ்ந்த பில்லி ஹாலிடே, அவரே தமக்கும் இசை அமைக்க வேண்டுமென்று தாமே விரும்பிக் கேட்டார். சிறு குழுக்களோடு பாடிப் பழகியவர், இம்முறை வயலின்கள், ஹார்ப் என்னும் யாழ், பெண்குரல் குழு எல்லாம் சேர்ந்த பெரிய வாத்தியக் கூட்டத்தை நாடினார். டிராம்போன் வாசித்தவர்களுள் ஜே. ஜே. ஜான்சன், அர்பி கிரீன் ஆகிய பெரிய வித்வான்கள் இருந்தனர். பாடல்கள் பன்னிரண்டில் பெரும்பாலானவை காதலின் இழப்பைப் பற்றியவை. அவர் முன்பு தட்டில் பாடாதவை. அப்போது அவருக்கு வயது 42. ஓராண்டும் ஐந்து மாதங்களும் கழித்து, 1959 ஜூலை 17ஆம் நாள், நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் காலமானார்.

இனி வழக்கை விசாரிப்போம்.

வீழ்ச்சி என்பாரின் குற்றச்சாட்டுகள் மூன்று. முதலாவது, குரல் போய்விட்டது. மேலே போகும்போது பிசிறுகிறது. கீழே இறங்கும்போது தேய்கிறது. வரியின் நடுவில் மூச்சு முட்டுகிறது. இரண்டாவது, அவருடைய தனித்திறமையே தாளத்தோடு ஆடிய விளையாட்டு; இங்கே வயலின்கள் மெல்ல ஊர்ந்து செல்வதால், எதிர்த்து விளையாடத் தாளமே இல்லை. மூன்றாவது, இந்த அலங்காரம் மிகையானது. கசப்பு மருந்தைச் சர்க்கரைப் பாகில் தோய்த்தாற்போல், பட்டுத்துணி கொண்டு ஒரு சிதைவை மூடியிருக்கிறார்கள். இம்மூன்றோடு நான்காவதாக ஒன்றையும் சிலர் சொல்வதுண்டு. அடிபட்டு நிற்கும் ஒரு பெண்ணின் துயரத்தை எட்டிப் பார்த்துச் சுவைக்கிறீர்கள். அதற்கு ரசனை என்று பெயர் சூட்டுகிறீர்கள் என்பது அது.

உயர்ச்சி என்பாரும் வலுவாகவே விடையிறுக்கிறார்கள். குரல் சுருங்கச் சுருங்கச் சொல் பெருகியிருக்கிறது என்கிறார்கள். இருபது வயதுப் பெண் பிரிவைப் பாடும்போது அது கற்பனை. நாற்பது கடந்து, இழக்கக்கூடியவற்றையெல்லாம் இழந்தவர் பாடும்போது அது வாக்குமூலம் என்கிறார்கள். மைல்ஸ் டேவிஸ் என்னும் மாபெரும் எக்காள வித்வான் 1958ஆம் ஆண்டில் அளித்த பேட்டி ஒன்றில், பில்லி ஹாலிடேயின் பழைய பாட்டைவிட இப்போதைய பாட்டைக் கேட்பதையே தாம் விரும்புவதாகவும், அவர் மேலும் முதிர்ந்திருப்பதாகவும் கருத்துத் தெரிவித்தார். அந்த வாக்கை இக்கட்சியினர் தங்கள் முதற்சாட்சியாக நிறுத்துகிறார்கள்.

இருதரப்பையும் கேட்டபோது, எனக்கு என் தொழில் நினைவுக்கு வந்தது. நான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளன். நாள்தோறும் ஆங்கிலக் கோப்புகளுக்குத் தமிழ் வடிவம் கொடுப்பது என் வேலை. எங்கள் நண்பர்கள் அன்று ஓயாமல் வழங்கிய ஆங்கிலச் சொல் 'டிக்ளைன்' என்பது. அந்த ஒரு சொல்லைத் தமிழில் பெயர்க்க வேண்டுமானால், என் பேனா ஒரு கணம் நின்றுவிடும். ஏனெனில் தமிழில் அதற்கு மூன்று சொற்கள் உண்டு: தளர்ச்சி, தாழ்ச்சி, வீழ்ச்சி. நடை தளர்ந்தவரைத் தாழ்ந்தவர் என்று நாம் சொல்வதில்லை. நிலை வீழ்ந்தவர் எல்லாரும் தரம் தாழ்ந்தவர் அல்லர். மூன்று வழக்குகளை ஒரே கட்டாகக் கட்டி ஒரே தீர்ப்புக் கேட்டதால்தான், நண்பர்களின் வாதம் முடிவு காணாமற் போயிற்று என்று எனக்குத் தோன்றுகிறது.

தளர்ச்சி உடலைச் சார்ந்தது. அது இத்தட்டில் இருக்கிறது, ஐயமில்லை. அன்பின் மிகுதியால் அதை மறுப்பது உண்மைக்கு மாறானது. "எங்கே பிசிறுகிறது? எனக்குக் கேட்கவில்லையே!" என்று இளைய நண்பர் ஒரு கட்டத்தில் சொன்னார். அது ரசிகனின் பிடிவாதம். கேட்கத்தான் கேட்கிறது. கேட்டால் குற்றமில்லை. தட்டின் கடைசிப் பாடலான 'தி எண்ட் ஆஃப் எ லவ் அஃபேர்' பதிவான வரலாறே இதற்குச் சான்று. அப்பாடலின் மெட்டு அவருக்குச் சரியாகப் பிடிபடவில்லை. எனவே வாத்தியங்களை முதலில் தனியே பதிவு செய்துகொண்டு, பிறகு அதன்மேல் அவர் குரலைச் சேர்த்தார்கள். இதனால் அப்பாடல் மோனோத் தட்டில் மட்டுமே இடம்பெற்றது. ஸ்டீரியோத் தட்டில் இல்லை. ஒருமுறை கேட்ட மெட்டை அந்த இடத்திலேயே உருமாற்றிப் பாடிய இளம் பில்லிக்கு இந்நிலை நேர்ந்திராது.

வீழ்ச்சி வாழ்க்கையைச் சார்ந்தது. அதுவும் உண்மைதான். ஆனால் அது அவர் ஒருவர் செய்த பிழையால் மட்டும் நேர்ந்ததன்று. நிறத்தின் பெயரால் ஒதுக்கிய சமூகமும், நோயாளிக்கு மருத்துவம் அளிப்பதற்குப் பதிலாகச் சிறை அளித்த சட்டமும் அதில் பங்குடையவை. மரணப் படுக்கையில் இருந்தபோதுகூட அவர்மீது போதைப்பொருள் வழக்குப் பதிவு செய்து, அவர் அறைக்குக் காவல் வைத்தார்கள். அந்த வீழ்ச்சிக்கு இத்தட்டைப் பொறுப்பாக்குவது முறையாகாது.

எஞ்சி நிற்பது தாழ்ச்சி. கலையின் தரம் குறைந்துவிட்டதா என்பது அக்கேள்வி. இதற்குத் தட்டு முழுவதற்கும் சேர்த்து ஒரே விடை சொல்ல முடியாது. பாடல் பாடலாகத்தான் பார்க்க வேண்டும்.

முதற்பாடலை எடுத்துக்கொள்வோம். 'ஐ ஆம் எ ஃபூல் டு வான்ட் யூ' என்பது, பிராங்க் சினாட்ராவும் சேர்ந்து இயற்றி, 1951ஆம் ஆண்டில் அவரே பாடிய பாடல். தகாத காதலை விடமுடியாத ஒருவரின் புலம்பல். வரியின் கடைசிச் சொல்லை நீட்டி மெருகேற்றும் மூச்சு பில்லி ஹாலிடேயிடம் இப்போது இல்லை. அதை மறைக்க அவர் முயலவும் இல்லை. சொல்லைச் சொல்லி, அப்படியே விட்டுவிடுகிறார். விட்ட இடத்தில் வயலின்கள் வந்து நிற்கின்றன. சில வரிகளில் அவர் பாடுகிறாரா, பேசுகிறாரா என்று பிரித்தறிய இயலவில்லை. ஆனால் எந்தச் சொல்லில் தாமதிக்க வேண்டும், எதை விரைந்து கடக்க வேண்டும் என்னும் தீர்மானம் அணுவளவும் பிசகவில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் தாளத்தைப் பின்தள்ளிச் சொல்லை வைத்த அதே அறிவு இங்கே வேலை செய்கிறது. அன்று அது விளையாட்டாகத் தோன்றியது. இன்று தயக்கமாகத் தோன்றுகிறது. இவ்வாறு பார்த்தால், எதிர்த்து விளையாடத் தாளம் இல்லை என்னும் இரண்டாம் குற்றச்சாட்டு இப்பாடலில் நிற்கவில்லை.

'ஐ கெட் அலாங் வித்தவுட் யூ வெரி வெல்' என்னும் பாடல் இன்னும் தெளிவான சான்று. நீ இல்லாமலே நான் நலமாக இருக்கிறேன் என்று வாய் சொல்ல, அப்படி இல்லை என்று பாட்டு காட்டிக்கொடுக்க வேண்டும். அதுதான் அப்பாடலின் அமைப்பு. வளமான குரல் ஒன்று இதைப் பாடினால், சொல்வதை நாம் நம்பிவிடக் கூடும். இந்தக் குரலில் பொய் சொல்ல முடியவில்லை. இங்கே தளர்ச்சி பொருளுக்கு உதவியாக நிற்கிறது.

ஆனால் எல்லா இடத்திலும் அப்படி நேரவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பெண்குரல் குழு உள்ளே நுழையும் இடங்களில், அந்த வழவழப்பான ஒலி அவர் குரலோடு ஒட்டுவதில்லை. மங்கிய ஓவியத்திற்குப் பளபளக்கும் சட்டம் போட்டாற்போல் இருக்கிறது. மேலே சொன்ன கடைசிப் பாடலில் பாட்டின் பிடி நழுவுகிறது. ஆக, பெரியவரின் மூன்றாம் குற்றச்சாட்டில் ஒரு பகுதி நிலைபெறுகிறது. தட்டு முழுவதும் அமுதம் என்பது மிகை. முழுவதும் சிதைவு என்பது அதனினும் மிகை.

துயரத்தைச் சுவைக்கிறோம் என்னும் நான்காம் குற்றச்சாட்டைத்தான் நான் அஞ்சுகிறேன். அது ரசிகர்களாகிய நம்மேலேயே வருகிறது. பாடகியின் வாழ்க்கை வரலாற்றைப் படித்துவிட்டு, அந்தக் கண்ணீரோடு தட்டைச் சுழலவிட்டால், இருமல்கூடச் சங்கீதமாகத்தான் கேட்கும். இதிலிருந்து தப்ப ஒரு சோதனை உண்டு. 1959 மார்ச்சில், அதே ரே எல்லிஸின் இசையமைப்பில், பில்லி ஹாலிடே மற்றொரு தட்டுக்குப் பாடினார். அவர் மறைவுக்குப் பின் அது வெளிவந்தது. அப்போது உடல் இன்னும் நலிந்திருந்தது. துயரம் இன்னும் கூடியிருந்தது. அவர் உயிருக்கு நிகரான தோழர் லெஸ்டர் யங் காலமானதும் அந்த மார்ச்சு மாதந்தான். துயரமும் தளர்ச்சியுமே ஒரு பாட்டை உயர்த்துமானால், அந்தத் தட்டு முந்தையதைவிடச் சிறந்திருக்க வேண்டும். அப்படிச் சொல்வோர் மிகச் சிலரே. ஆகவே, 'லேடி இன் சாட்டின்' நம்மை ஈர்ப்பது அதிலுள்ள வலியால் மட்டும் அன்று. வலியை ஒழுங்குபடுத்தி வைத்த கலைத்திறன் ஒன்று அங்கே விழித்திருக்கிறது. அதுவே நம்மை ஈர்க்கிறது.

இசையமைப்பாளர் ரே எல்லிஸின் அனுபவத்தையும் இங்கே சொல்ல வேண்டும். பதிவு முடிந்தவுடன் கேட்டபோது, அவர் பாடியது தமக்கு நிறைவளிக்கவில்லை என்றும், சில வாரங்களுக்குப் பின் முழுமையாகக் கோத்த பதிவைக் கேட்டபோதுதான் அதன் பெருமை விளங்கியது என்றும் அவரே பின்னாளில் கூறினார். முதலில் சுரத்தை மட்டும் கேட்டதாகவும், உணர்ச்சியைக் கேட்கத் தவறியதாகவும் ஒப்புக்கொண்டார். கூடவே இருந்து கோல் பிடித்து நடத்தியவருக்கே இரண்டாம் முறை கேட்க வேண்டியிருந்தது. இரண்டு பாடலோடு நிறுத்தச் சொன்ன நம் பெரியவரை எப்படிக் குறை கூறுவது?

நம் சங்கீதத்தில் இத்தகைய வழக்கு இல்லையா என்று கேட்கலாம். உண்டு. சாரீரம் வேறு, சாரம் வேறு என்று நம் ரசிகர்கள் நன்கறிவார்கள். 1908ஆம் ஆண்டில் பிறந்த செம்மங்குடி ஸ்ரீநிவாச ஐயர் தொண்ணூறு வயதைத் தாண்டியும் மேடையில் பாடினார். இளமையிலிருந்தே சாரீரத்தோடு போராடியவர் அவர். ஆயினும் சபை நிறைந்தது. எனினும் ஒரு வேறுபாட்டை மறந்துவிடலாகாது. தொண்ணூறு வயதுத் தளர்ச்சி இயற்கை. அதற்குச் சுற்றமும் சீடர்களும் தோள் கொடுத்தார்கள். நாற்பத்திரண்டு வயது, நம் வித்வான்களுக்குக் கச்சேரி களைகட்டும் பருவம். அந்த வயதில் ஒரு குரல் இப்படித் தேய்ந்ததென்றால், அதை முதுமையின் அழகு என்று போற்றிவிட்டு நகர்ந்துவிட முடியாது. பாட்டைப் போற்றும்போதே, அந்தக் குரலுக்கு நேர்ந்ததை எண்ணி வருந்தவும் வேண்டும். இரண்டையும் ஒருசேர மனத்தில் வைத்துக்கொள்வது கடினந்தான்.

அன்றைய கூட்டம் எப்படி முடிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எல்லாரும் எழுந்து செருப்பைத் தேடும் நேரத்தில், பெரியவர் மட்டும் நாற்காலியில் அமர்ந்திருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்:

"எங்கள் அக்காவுக்கு எழுபத்தாறு வயது. கும்பகோணத்தில் இருக்கிறாள். நான் ஊரை விட்டு வந்த நாளில், நவராத்திரிக் கொலுவில் அவள் பாடினால் தெருவே வாசலில் நிற்கும். அந்தக் குரலைத்தான் நான் கல்கத்தாவுக்கும் தில்லிக்கும் எடுத்துக்கொண்டு வந்தேன். சென்ற ஆண்டு, எத்தனையோ ஆண்டுகளுக்குப் பின், நவராத்திரிக்குப் போனேன். அதே பாட்டைப் பாடினாள். சங்கதிகளையெல்லாம் விட்டுவிட்டாள். மூச்சு வாங்கியது. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. போதும் அக்கா, சிரமப்படாதே என்று சொல்லிவிட்டேன். அவளும் நிறுத்திவிட்டாள். சரணத்துக்கு இன்னும் போகவில்லை."

சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. "இந்த அமெரிக்கப் பாட்டு உயர்ந்தது என்று நான் இப்போதும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் தட்டை நிறுத்தச் சொன்னது தவறு. மிச்சத்தையும் போடுங்கள்" என்றார். இளைய நண்பர் தட்டைத் திருப்பிப் போட்டார். எல்லாரும் மீண்டும் உட்கார்ந்தோம்.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இந்த வழக்கு அயலார் வழக்கன்று. ஊரை விட்டு வரும்போது, நமக்கு வேண்டியவர்களின் குரலை எந்த வயதில் கேட்டோமோ, அந்த வயதிலேயே நிறுத்தி எடுத்து வருகிறோம். விடுமுறைக்குப் போகும்போது அந்தக் குரல் நம்மோடு நின்றிருப்பதில்லை. அங்கிருந்தவர்கள் நாள்தோறும் கேட்டு அதனோடு சேர்ந்து நடந்தார்கள். நாம் திடீரென்று கேட்கிறோம். இளமைத் தட்டுகளையே கேட்டு வந்த ரசிகர் 1958ஆம் ஆண்டுத் தட்டைக் கேட்டுத் திடுக்கிடுவதும் இவ்வாறே.

இத்தட்டைக் கேட்க விரும்பும் நேயர்களுக்கு ஒன்று கூறுவேன். நேரே அதற்குப் போக வேண்டாம். 1937ஆம் ஆண்டில் லெஸ்டர் யங்குடன் பாடிய சிறு தட்டுகளுள் இரண்டு மூன்றை முதலில் கேளுங்கள். அடுத்து 'ஃபைன் அண்ட் மெலோ' என்னும் பாடலை இருமுறை கேளுங்கள். அவர் அதை 1939ஆம் ஆண்டில் தட்டில் பாடினார். 1957 டிசம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றிலும் பாடினார். அந்நிகழ்ச்சியில் நோயுற்றிருந்த லெஸ்டர் யங் தம் முறை வரும்போது எழுந்து நின்று, மிகச் சில சுரங்களையே வாசிக்கிறார். அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் பில்லி ஹாலிடேயின் முகத்தையும் பாருங்கள். எது போயிற்று, எது நிலைத்தது என்பது அங்கேயே விளங்கத் தொடங்கிவிடும். அதன்பின், அடுத்த பிப்ரவரியில் பதிவான அந்தப் பன்னிரண்டு பாடல்களுக்கு வாருங்கள். தளர்ச்சியைத் தளர்ச்சி என்றே அறிந்து கேளுங்கள். தாழ்ச்சி உண்டா இல்லையா என்பதைப் பாடல்தோறும் நீங்களே தீர்மானியுங்கள். தீர்ப்பு எதுவாயினும், கடைசிப் பாடல் வரையில் கேட்ட பிறகே அது அமையட்டும்.

எங்கள் பெரியவர் இந்த நவராத்திரிக்கும் கும்பகோணத்திற்குச் சீட்டு எடுத்திருக்கிறார். இம்முறை சரணம் வரையில் கேட்கப் போவதாகச் சொன்னார்.